தொங்கிய கூரைத் துணி: பழுது பசையில் இல்லை

பின்னால் வரும் வண்டியைப் பார்க்க நடுக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். வண்டி தெரியவில்லை. பின்கண்ணாடியின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு, காரின் உட்கூரையிலிருந்து பிரிந்த சாம்பல் நிறத் துணி பாய்மரம்போல் உப்பி நின்றது. ஜன்னல்களை இறக்கியிருந்ததால் காற்று புகுந்து அதை இன்னும் கீழே தள்ளியது. பின்னிருக்கையில் இருந்த மகள் ஒரு கையை உயர்த்தி அதைத் தாங்கியபடியே வந்தாள். வீட்டுக்கு வந்து கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனிகளில் பழுப்பும் மஞ்சளுமாக ஒரு தூள் அப்பியிருந்தது.

அந்தத் தூளைப் பற்றி அன்றைக்கே யோசித்திருந்தால் ஆறு வாரங்கள் மிச்சமாகியிருக்கும். துணி தொங்கினால் பசை விட்டுவிட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். நானும் அப்படியே நினைத்தேன். முதலில், அகன்ற தலையுள்ள திருகு ஊசிகளைச் சாண் இடைவெளியில் குத்தினேன். ஊசி குத்திய இடம் மேலே நின்றது. இரண்டு ஊசிகளுக்கு நடுவே துணி தொந்தி போட்டது. வண்டியின் அதிர்வில் சில ஊசிகள் தாமாகவே கழன்று இருக்கையில் விழுந்தன. குழந்தைகள் உட்காரும் இடத்தில் ஊசி கிடப்பதைப் பார்த்த அன்றே அந்த வழியை விட்டுவிட்டேன்.

அடுத்து, ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து, எல்லாவற்றையும் ஒட்டும் என்று டப்பாவில் போட்டிருந்த ஸ்பிரே பசையை உள்ளே அடித்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினேன். அன்று மாலை புதுக் கார் மாதிரி இருந்தது. மூன்று நாள் வெயிலில் நின்றதும் மறுபடியும் இறங்கிவிட்டது. இந்த முறை துணியில் ஆங்காங்கே ஈரக்கறை போன்ற திட்டுகளும் சேர்ந்துகொண்டன. அந்தத் திட்டுகள் பிறகு எனக்கு வைத்த வேலையைச் சொல்கிறேன்.

உண்மையில் நடப்பது இதுதான். இன்றைய பெரும்பாலான கார்களில் கூரையின் உட்புறம் ஒரே துண்டாக வார்த்த பலகை. அழுத்திய நாராலோ ஃபைபர் கிளாஸாலோ ஆனது. எடை குறைவு, வளைத்தால் முறியும். அதன்மேல் மெல்லிய துணி. இரண்டுக்கும் இடையில் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் நுரைப்பஞ்சு இருக்கிறது. துணியும் பஞ்சும் ஒன்றாகவே ஒட்டி விற்கப்படுகின்றன. பஞ்சின் பின்பக்கம்தான் பலகையில் ஒட்டப்படுகிறது. இந்தப் பஞ்சு பாலியூரித்தேன். வெப்பமும் காற்றிலுள்ள ஈரமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து தாக்கும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துபோகின்றன. மீள்தன்மை போய், பிசுபிசுத்து, கடைசியில் தூளாகிறது. என் காருக்கு அப்போது 14 வயது. பசை பலகையை விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. பஞ்சுதான் நடுவில் இரண்டாகப் பிரிந்துவிட்டது: பாதி பலகையோடு, பாதி துணியோடு.

தூள்மேல் எந்தப் பசையை அடித்தாலும் அது தூளைத்தான் ஒட்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகு ஊசி, நீராவி, சிரிஞ்சில் பசை ஏற்றுவது என்று யார் சொன்ன குறுக்கு வழியையும் நான் காதில் வாங்கவில்லை. ஓரத்தில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்து, உள்ளே பஞ்சு இன்னும் உயிரோடு இருந்தால், அந்த இடத்தை மட்டும் ஒட்டிப் பார்க்கலாம். துணியின் பின்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். தூள் வந்தால் முழுவதையும் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றும் முன் செய்ய வேண்டிய முதல் வேலையை எவரும் தாண்டிப் போய்விடக் கூடாது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில், கதவுகளுக்கு மேலே, கூரைப் பலகையின் ஓரத்துக்குப் பின்னால்தான் அது சுருண்டு படுத்திருக்கிறது. ஜன்னல்களுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூண்களின் உறைகளில் ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ பொறித்திருக்கும். பேட்டரியின் எதிர்முனை (நெகட்டிவ்) இணைப்பைக் கழற்றி, அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம் முழுதும் காத்திருந்த பிறகே உறைகளில் கை வைக்க வேண்டும். இணைப்பைக் கழற்றிய பின்னும் மின்சுற்றில் கொஞ்ச நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். நான் காத்திருந்தேன். ஏர்பேக்கின் வயர்களையோ அதன் பிடிப்புகளையோ தொடவே இல்லை. அவற்றைக் கழற்றாமல் பலகையை எடுக்க முடியாத கார் என்றால், கழற்றி மாட்டும் வேலையை மட்டுமாவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றதெல்லாம் பொறுமைதான். வெயிலை மறைக்கும் சன்வைசர்களைப் பிடித்திருந்தவை நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள். கைப்பிடிகளின் இரு நுனிகளிலும் சிறு மூடிகள். அவற்றை நெம்பினால் ஸ்க்ரூ தெரிகிறது. உள்விளக்கின் கண்ணாடியை பிளாஸ்டிக் நெம்பியால் கழற்றினேன். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வடு விழும். பிறகு கதவு ஓர ரப்பர் பீடிங், தூண் உறைகள், பின்னிருக்கை பெல்ட்டின் மேல் உறை. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ எடுத்தேன். ஸ்க்ரூக்களை ஒரே டப்பாவில் போடாமல், தனித்தனி உறையில் போட்டு இடத்தின் பெயரை எழுதி வைத்தேன். கிளிப்புகள் உடையும், என்னிடம் ஐந்து உடைந்தன. வேலையைத் தொடங்கும் முன்பே அதே வகைக் கிளிப்புகளைக் கூடுதலாக வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தேன். முன் தூண் உறையைப் பிடிக்கும் கிளிப், ஏர்பேக் உள்ள பல கார்களில் ஒரே முறை பயன்படுத்த வேண்டியது. அதைப் புதிதாகவே போட வேண்டும்.

எல்லாம் கழன்ற பின்னும் பலகை இறங்கவில்லை. இழுத்திருந்தால் முறிந்திருக்கும். டார்ச் அடித்து மேலே எட்டிப் பார்த்தபோதுதான், விளக்குக்குப் போகும் வயர்க் கட்டு பலகையின் முதுகில் பசைப் புள்ளிகளால் ஒட்டப்பட்டிருப்பது தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியாக விரலால் விடுவித்தேன். பலகை முரண்டு பிடித்தால் எங்கோ ஏதோ ஒன்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பலத்தைக் காட்டக் கூடாது.

என் கார் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வகை. முன்னிருக்கைகளை முழுதாகச் சாய்த்து, பின்னிருக்கையை மடித்து, பலகையைத் தட்டையாகவே பின்வழியாக எடுத்தோம். மகள் உள்ளே, நான் வெளியே. டிக்கி தனியாக உள்ள செடான் வகைக் காரில் முன்பக்கப் பயணி கதவு வழியாகச் சாய்த்து எடுப்பதுதான் வழக்கம். அதற்கு இன்னும் நிதானம் தேவை. எந்தக் காரானாலும் இது இரண்டு பேர் வேலை. பலகையை ஒருவர் மட்டும் நடுவில் பிடித்துத் தூக்கினால், இரண்டு பக்கமும் தொங்கி நடுவில் மடிப்பு விழும். அந்த மடிப்பு புதுத் துணி வழியாகவும் தெரியும்.

பலகையை மேசைமேல் மல்லாத்திப் போட்டுத் துணியை உரித்தேன். ஒரே இழுப்பில் வந்தது. அடியில் பலகை முழுக்கப் பழுப்பு நிறப் பஞ்சுத் தோல், ஈரமான மரத்தூளை அப்பி வைத்த மாதிரி.

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒட்டுவது ஒரு மணி நேரம். தேய்த்து எடுப்பது ஒரு பகல் முழுதும். முதலில் கம்பி பிரஷ்ஷை எடுத்தேன். இரண்டே இழுப்பில் பலகையின் மேல்தோல் நார்நாராகக் கிளம்பியது. உடனே நிறுத்திவிட்டு, துணி துவைக்கும் நைலான் பிரஷ்ஷுக்கு மாறினேன். சிறு வட்டங்களாக, பலமில்லாமல், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும். பஞ்சு சுருண்டு சுருண்டு சிறு உருண்டைகளாக வரும். அவ்வப்போது வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தால்தான் மிச்சம் எங்கே என்று தெரியும். பஞ்சின் தூளோடு ஃபைபர் கிளாஸ் இழைகளும் பறக்கும். தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இவை இல்லாமல் தொடங்கவே கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. பலகை ஊறி வடிவம் போய்விடும்.

முன்பு நான் அடித்த ஸ்பிரே பசையின் திட்டுகள் இப்போது எதிரில் வந்து நின்றன. மற்ற இடத்தில் பஞ்சு உதிர்ந்தது. அங்கே பசையோடு சேர்ந்து இறுகி ஓடுபோல் கிடந்தது. ஒவ்வொரு திட்டையும் மழுங்கிய தகடால் படுக்கை வாட்டில் சீவி எடுக்க வேண்டியிருந்தது. உள்ளங்கை அளவுத் திட்டுக்குக் கால் மணி நேரம். அவசரத்துக்கு ஒட்டிப் பார்ப்போம் என்று நினைப்பவர்களுக்கு இதை மட்டும் சொல்வேன்: இன்று அடிக்கிற தவறான பசை, பின்னால் சரியாகச் செய்யும் நாளில் வேலையை இரட்டிப்பாக்கும்.

மாலை ஆனதும் முடிந்தது என்று பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். மகள் பலகையின் பின்மூலையில் கையை வைத்துத் தடவி, "அப்பா, இங்கே இன்னும் வருகிறது" என்று விரலைக் காட்டினாள். பழுப்புத் தூள். தேய்த்தேன். இன்னொரு மூலையையும் தேய்த்தேன். அன்றிலிருந்து எனக்குக் கிடைத்த சோதனை இது: கறுப்புத் துணியால் பலகை முழுவதையும் துடைத்துப் பாருங்கள், துணியில் பழுப்புத் தூள் அப்பினால் வேலை முடியவில்லை. பலகையில் பழைய பசையின் நிறம் மங்கலாகத் தெரிவது பரவாயில்லை. உதிர்வதுதான் கூடாது.

பலகையில் கைப்பிடித் துளை ஒன்றின் அருகே விரிசல் இருந்தது. முதுகுப் பக்கத்தில் ஃபைபர் கிளாஸ் துணித்துண்டை எபாக்ஸி என்ற இறுகும் பிசினில் நனைத்து ஒட்டி, வளைவு கெடாமல் அடியில் முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விட்டேன். காலையில் கல்லாக இருந்தது. பலகையில் தண்ணீர்க் கறை இருந்தால் அது வேறு கதை: கூரையிலோ சன்ரூஃப் வடிகுழாயிலோ கசிவு இருக்கிறது. அதை முதலில் அடைக்காமல் புதுத் துணி போட்டால் அடுத்த மழையிலேயே அதுவும் கெடும்.

துணி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் இருக்கும் திரைத்துணியோ சட்டைத்துணியோ போதாதா என்று கேட்டார்கள். பஞ்சு இல்லாத துணியைப் போட்டால் பலகையின் ஒவ்வொரு மேடு பள்ளமும், ஒவ்வொரு பசைத் துளியும் வெளியே தெரியும். அதைவிட முக்கியமானது நெருப்பு. காரின் உட்புறத் துணிகள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அமெரிக்க விதியில் அது நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டர். திரைத்துணி அந்தச் சோதனைக்காக நெய்யப்பட்டதல்ல. தலைக்கு ஒரு சாண் மேலே இருக்கும் துணியில் சிக்கனம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கார்க் கூரைக்கென்றே பஞ்சு ஒட்டி வரும் துணியைத்தான் வாங்கினேன். நிறம் பொருந்த சன்வைசர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போனேன். கடைக்குள் பொருந்துவதாகத் தெரிந்த இரண்டு துணிகளில் ஒன்று, வெளிச்சத்தில் வைத்ததும் நீலம் காட்டியது.

அளவெடுக்கும்போது டேப்பை நேராக இழுத்துப் பிடிக்கக் கூடாது. பலகையின் பள்ளங்களில் இறங்கி ஏறியபடி அளக்க வேண்டும். அதன்மேல் நான்கு பக்கமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் கூடுதல். இந்தத் துணி ஒரு வாட்டில் அதிகமாக இழுபடும், மறு வாட்டில் குறைவாக. வாங்கியதும் இழுத்துப் பார்த்து எந்தப் பக்கம் எது என்று குறித்துக்கொண்டால், ஒட்டும்போது குழப்பம் வராது.

பசைக்கு வருகிறேன். சாதாரண ஸ்பிரே பசை ஏன் மூன்றே நாளில் கைவிட்டது? நிறுத்திய காருக்குள் ஏறும் வெப்பத்தை ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். வெளியே மிதமான வெப்பம் இருந்த நாட்களிலேயே ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்தில். அது காற்றின் வெப்பம். வெயிலை நேரே வாங்கும் கூரைத் தகடு அதைவிடச் சூடாகும். பசையோ அந்தத் தகட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. காகிதத்துக்கும் அட்டைக்கும் ஏற்ற பசை அங்கே இளகிவிடும். டப்பாவில் கார்க் கூரைத் துணிக்கு உரியது, அதிக வெப்பம் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒட்டும் நாளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் அடித்தால் பசை பலகையைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து சிலந்தி வலைபோல் விழும். மழை ஈரத்தில் அடித்தால் பசையின் மேல் ஈரம் படிந்து பிடிப்பு குறையும். நான் உலர்ந்த நாளின் காலை நேரத்தை எடுத்துக்கொண்டேன். நிழல், நல்ல காற்றோட்டம், பக்கத்தில் நெருப்பில்லை. இந்தப் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது. தூசிக்கான முகக்கவசம் அதைத் தடுக்காது, ஆவியை உறிஞ்சும் வடிகட்டி உள்ள கவசம் வேண்டும்.

துணியை முதலில் பசையில்லாமல் பலகைமேல் விரித்து, நான்கு பக்கமும் கூடுதல் சரியாக வருகிறதா என்று பார்த்தோம். பிறகு முன்பாதியை மட்டும் பின்னுக்குச் சுருட்டினோம். மடிக்கவில்லை; மடித்தால் பஞ்சில் கோடு விழும். வெளியே தெரிந்த பலகைப் பாதியிலும், சுருட்டிய துணியின் பஞ்சுப் பக்கத்திலும், ஒரு முழத்துக்குக் குறைவான தூரத்திலிருந்து பசையை அடித்தேன். ஒரு முறை நீளவாக்கில், மறுமுறை குறுக்குவாக்கில். பஞ்சின்மேல் மெல்லியதாகவே அடிக்க வேண்டும். ஊறினால் துணியின் முகப்பில் கறையாக வரும். பிறகு காத்திருப்பு. விரலின் முதுகால் தொட்டால் ஒட்ட வேண்டும், எடுக்கும்போது பசை நூலாக இழுபடக் கூடாது. அந்தப் பதம் வரும்வரை நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம்.

மகள் துணியின் நுனியை உயர்த்திப் பிடித்திருக்க, நான் நடுவிலிருந்து முன்னோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். அழுத்தவில்லை, அழுத்தினால் பஞ்சு நசுங்கிக் கைரேகை மாதிரி பள்ளம் தெரியும். சன்வைசர் உட்காரும் குழி வந்தபோது கை தானாகவே அதைத் தாண்டிச் செல்லப் பார்த்தது. அங்கேதான் நிறுத்த வேண்டும். குழியின்மேல் துணியைப் பாலம்போல் இழுத்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும். முதல் கோடையில் அந்தப் பாலம் விளிம்புகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். குழியின் அடிவரை விரல்களால் துணியை இறக்கி ஒட்டிய பிறகுதான் அடுத்த மேட்டுக்கு ஏற வேண்டும். ஒரு குழியில் சுருக்கம் விழுந்தது. பசை முழுதாகப் பிடிக்கும் முன் மெதுவாகத் தூக்கி மறுபடி படுக்க வைத்தேன். ஒரு முறை விட்டுக்கொடுத்தது. இரண்டாம் முறை தூக்கியிருந்தால் பஞ்சு கிழிந்திருக்கும்.

பின்பாதியும் இதே முறை. ஓரங்களில் மூன்று விரல் அகலம் விட்டு வெட்டி, முதுகுப் பக்கம் மடக்கி ஒட்டினேன். ஏர்பேக் விரியும் ஓரத்தில் மட்டும் மடிப்பைத் தடிமனாக விடவில்லை. அங்கே பலகை பழையபடி சுலபமாக விலக வேண்டும், கூடுதலாக எந்த ஒட்டும் எந்தத் தையலும் இருக்கக் கூடாது. விளக்குத் துளையை அளவுக்கு வெட்டி எடுக்காமல், நடுவிலிருந்து பெருக்கல் குறிபோல் கீறி, அந்த இதழ்களை உள்ளே மடக்கினேன். ஸ்க்ரூத் துளைகளுக்குச் சிறு கீறல் போதும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்ட பிறகுதான் காருக்குள் ஏற்றினோம். முதலில் விளக்கின் வயரை வெளியே இழுத்து, கைப்பிடிகளை மாட்டினால் பலகை தானாக நிற்கும். மற்றவை கழற்றிய வரிசைக்கு நேர் எதிர். பேட்டரியை இணைத்ததும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்தேன். அணைந்தது.

துடைக்கும் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டேன். கூரையில் கறை பட்டால் துணியில் லேசாக ஈரம் தொட்டு ஒற்றி எடுப்பதோடு சரி. நுரை தெளித்து ஊறவைத்துத் தேய்த்தால் பசைவரை ஈரம் இறங்கும்.

இப்போது இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. நடுக் கண்ணாடியில் பின்கண்ணாடி முழுதாகத் தெரிகிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், இடப்பக்கப் பின்மூலையில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு கொப்புளம் கிளம்பியது. ரப்பர் பீடிங்கை விலக்கி அந்த ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். அன்று மகள் விரலைக் காட்டிய அதே மூலை. மாலை வெளிச்சத்தில் நான் முழுதாகத் தேய்க்காமல் விட்ட இரண்டு விரல் அகலம். பழைய பஞ்சின் தூள் அங்கே அப்படியே இருந்தது. பழைய நைலான் பிரஷ்ஷைத் தேடி எடுத்து வந்தேன். டார்ச்சை மகள் பிடித்துக்கொண்டாள்.